மகனா, மகளா, அண்ணனா, சென்னைக் கொடையாளரா: முழுப் பொருத்தம் கிடைக்காதபோது ரத்தக் குருத்தணுக் கொடையாளரைத் தேர்ந்தெடுப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் வசிக்கும் ஒரு குடும்பத்தை, ஒப்பீட்டுக்காக மட்டும், மனத்தில் அமைத்துக்கொள்வோம். செம்பனை ஆலையில் வேலை பார்த்த 46 வயது அம்மாவுக்கு ஏ.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடும் ரத்தப் புற்றுநோய் வந்தது. கீமோவுக்குப் பிறகு நோய் அடங்கியிருக்கிறது. ஆனால் அவருடைய நோய் திரும்பி வரக்கூடிய வகையைச் சேர்ந்தது என்பதால், அடங்கியிருக்கும் இந்தக் காலத்திலேயே வேறொருவரின் ரத்தக் குருத்தணுக்களை, அதாவது எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உருவாக்கும் மூல அணுக்களை, பெற்றுக்கொள்வது நல்லது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். தங்கை ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார்; அவருடைய திசுவகை சிறிதும் ஒத்துவரவில்லை. லோரி ஓட்டும் 51 வயது அண்ணன் பாதி ஒத்துவருகிறார். 22 வயது மகனும் 19 வயது மகளும், பிள்ளைகள் என்பதாலேயே, பாதி ஒத்துவருகிறார்கள். சென்னையில் இயங்கும் தாத்ரி கொடையாளர் பட்டியலில் 27 வயது இளைஞர் ஒருவர் எட்டுக்கு ஏழு ஒத்துவருகிறார். தொப்புள்கொடி ரத்தப் பை ஒன்றும் வெளிநாட்டு வங்கியில் இருக்கிறது. இவர்களில் யாரிடம் கேட்பது என்பதுதான் கேள்வி.

குடும்பம் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது திசுவகை அறிக்கையைத்தான். அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரிசைகள் இருக்கும். அப்பாவிடமிருந்து வந்தது ஒன்று, அம்மாவிடமிருந்து வந்தது மற்றொன்று. ஒவ்வொரு வரிசையிலும் ‘ஏ*24:02’, ‘பி*40:06’, ‘டிஆர்பி1*15:01’ என்பன போன்ற குறிகள் அடுக்கடுக்காக அச்சாகியிருக்கும். இவையெல்லாம், தன் அணு எது, அந்நிய அணு எது என்று உடல் பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக்களின் வகைப் பெயர்கள். ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருப்பதால் அவை பெரும்பாலும் ஒரே கட்டாகப் பிள்ளைக்குக் கடத்தப்படுகின்றன. ஏ, பி, சி, டிஆர்பி1 ஆகிய நான்கு இடங்களை இரு வரிசைகளிலும் எண்ணினால் எட்டு வருகிறது. டிகியூபி1-ஐயும் சேர்த்தால் பத்து. பத்துக்குப் பத்து என்று மருத்துவர் சொன்னதும் நம் மக்கள் ஜாதகப் பொருத்தத்தை நினைத்து நிம்மதி அடைகிறார்கள்; எட்டுக்கு நான்கு என்றால் முகம் வாடிவிடுகிறது. இன்றைய மருத்துவத்தில் அந்த எண் மட்டும் தீர்ப்பு அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த அம்மாவின் நிலையில் அதைவிடக் கனமான கேள்விகள் மூன்று இருக்கின்றன: அவர் ரத்தத்தில் என்ன எதிரணுப்பொருள்கள் (அந்நியத் திசுவைத் தாக்க உடல் உருவாக்கும் புரதங்கள்) உள்ளன, கொடையாளரின் வயது என்ன, அணுக்கள் எத்தனை நாளில் கைக்கு வரும்.

முழுப் பொருத்தம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் கணக்கு எளிது. உடன்பிறந்த ஒருவர் முழுதும் ஒத்துவர 25 விழுக்காடு வாய்ப்பு. இருவர் இருந்தால் குறைந்தது ஒருவராவது ஒத்துவர 44 விழுக்காடு. ஏழு பேர் இருந்தால் ஏறத்தாழ 87 விழுக்காடு. லயத்து வீடுகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் இந்தச் சிகிச்சை மலேசியாவில் இல்லை. முதல் மஜ்ஜை மாற்று 1987-இல்தான் கோலாலம்பூரில் நடந்தது. சிகிச்சை வந்து நிலைபெற்றபோது குடும்பங்கள் சுருங்கிவிட்டன.

வெளியார் பட்டியல்களும் நமக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. அமெரிக்கப் பட்டியலை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு எட்டுக்கு எட்டு ஒத்துவரும் கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. தெற்காசியருக்கு 33 விழுக்காடு. மலேசியாவில் 2000-இல் தொடங்கப்பட்ட குருத்தணுப் பட்டியல் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இயங்குகிறது. ஆனால் நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே உள்ள இந்தியருக்கு அதிலும் வாய்ப்பு குறுகலானது. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், 2009-இல் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற இந்தியப் பட்டியலில் தேடுவது பொருளுள்ள செயல். உலகப் பட்டியல்களை இணைக்கும் தரவுத்தளத்தில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருந்தாலும், நமக்கு உதவக்கூடியவர்கள் பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தே கிடைப்பார்கள்.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு வழியையும் சொல்லியாக வேண்டும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று முறைக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் ஒரே வரிசை இரு பக்கமும் ஓடுவதுண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் பெற்றோரோ, பிள்ளையோ, ஒன்றுவிட்ட சகோதரரோ பாதிக்கு மேல், சில வேளை முழுதுமே, ஒத்துவரக்கூடும். யார் யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கணவர் அத்தை மகன்தான்; ஆயினும் வரிசைகள் ஒன்றவில்லை.

பாதிப் பொருத்தம் முன்பு அஞ்சப்பட்டதற்குக் காரணம் உண்டு. கொடையாளரின் டி அணுக்கள் எனப்படும் காவல் வெள்ளணுக்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றை அந்நியம் எனக் கண்டு தாக்கும். அதை எதிர்த்தாக்கு நோய் என்போம். மறுபுறம், நோயாளியின் உடல் வந்த அணுக்களை ஏற்க மறுக்கலாம். ஓர் இடம் பிசகுவதே பெரிதாகக் கருதப்பட்டது. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டுக்கு எட்டு ஒத்துவந்த வெளியாரிடம் பெற்றவர்களில் ஓராண்டு உயிருடன் இருந்தவர்கள் 52 விழுக்காடு. எட்டுக்கு ஏழு என்றபோது அது 43 விழுக்காடாக இறங்கியது.

நிலைமையை மாற்றியது ஒரு பழைய, விலை மலிந்த மருந்து. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லூஸ்னிக், ஃபியூக்ஸ் முதலியோர் உருவாக்கிய முறையில், குருத்தணுக்களை ஏற்றிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் செலுத்தப்படுகிறது. முதல் மூன்று நாள்களில், நோயாளியின் உடலை அந்நியமாகக் கண்ட டி அணுக்கள்தாம் வெறியோடு பெருகத் தொடங்கியிருக்கும். பெருகும் அணுக்களையே இந்த மருந்து அதிகம் கொல்லும். அடங்கியிருக்கும் மற்ற டி அணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. குருத்தணுக்களோ அந்த மருந்தை உடைக்கும் நொதியைத் தம்முள் மிகுதியாக வைத்திருப்பதால் பிழைத்துக்கொள்கின்றன. ஐந்தாம் நாளிலிருந்து, எதிர்த்தாக்கை அடக்கும் டாக்ரோலிமஸ் முதலிய மருந்துகள் தொடரும். சீனாவில் பீக்கிங் பல்கலைக்கழகத்தார் டி அணுக்களுக்கு எதிரான புரத மருந்தைக் கொண்டு வேறொரு வழியில் இதே எல்லையைத் தொட்டார்கள்.

இந்த முறைக்கு விலை இல்லாமல் இல்லை. சிறுநீர்ப்பையில் ரத்தக் கசிவு வரலாம். அதைத் தடுக்க மெஸ்னா என்ற மருந்தும் நிறைய நீரும் ஏற்றப்படும். சைக்ளோஃபாஸ்ஃபமைடு தொடங்குவதற்கு முந்திய நாள்களில் கடுங்காய்ச்சல் வருவது உண்டு. உறவினர்கள் அதைக் கண்டு கலங்கிவிடுகிறார்கள். உடலின் காவல் மெல்லத் திரும்புவதால் உறங்கிக் கிடந்த வைரஸ்கள் தலைதூக்கும்.

இப்போது அந்த நால்வரிடம் வருவோம். கேட்டவுடன் குடும்பம் முழுவதும் மகன் பக்கமே சாய்கிறது. இளைஞன், ஆரோக்கியமானவன், ஈப்போவில் தொழிற்சாலை வேலை, “நான் குடுக்குறேன்மா” என்று அன்றே சொல்லிவிட்டவன். ஆனால் தாய்க்குப் பிள்ளை கொடுப்பதில் பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கருவிலிருக்கும் பிள்ளையின் பாதித் திசுவகை அப்பாவுடையது. மாதக்கணக்கில் அதனோடு உறவாடும் தாயின் ரத்தம், அந்த அப்பா வழித் திசுவுக்கு எதிராக எதிரணுப்பொருள்களை உருவாக்கி வைத்துக்கொள்வதுண்டு. பிரசவங்கள் கூடக் கூட இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. கலைந்த கருவும் கணக்கில் சேரும். கீமோவின்போது ஏற்றிய ரத்தமும் தட்டணுக்களும் அந்த நினைவை மறுபடி தூண்டிவிடலாம். இத்தனை ஆண்டுகளும் அந்த எதிரணுப்பொருள்கள் தாயையும் பிள்ளையையும் எதுவும் செய்யவில்லை. ஆனால் அதே பிள்ளையின் குருத்தணுக்கள் தாயின் ரத்தத்தில் கலக்கும் நாளில், அவற்றை வேரூன்றுவதற்கு முன்பே அந்த எதிரணுப்பொருள்கள் அழித்துவிடக்கூடும். மாற்று தோற்றுப்போனால், கீமோவால் தன் மஜ்ஜையை இழந்த நோயாளிக்குக் கையில் ஒன்றும் இல்லாத நிலை வரும். எதிர்த்தாக்கு நோயைவிட நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான்.

இதைக் கண்டறியும் சோதனை எளியது. ஒவ்வொன்றிலும் ஒரு திசுப்புரதம் பூசிய நுண்மணிகளோடு நோயாளியின் ரத்தநீரைக் கலந்து, எந்த மணியில் எவ்வளவு ஒளிர்வு தெரிகிறது என்று அளக்கிறார்கள். பொதுவாக 1,000-க்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டியது என்றும் 5,000-ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் அளவு சற்று மாறும். நம் எடுத்துக்காட்டில், மகன் அப்பாவிடமிருந்து பெற்ற ‘பி*40:06’ புரதத்துக்கு எதிராக அம்மாவின் ரத்தத்தில் 6,200 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மகள் அப்பாவின் மற்றொரு வரிசையைப் பெற்றவள். அந்த வரிசைக்கு எதிராக எதுவும் இல்லை. திசுவகை அறிக்கையில் மகனும் மகளும் ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள்தாம். ஆனால் மகன் பின்னுக்குப் போகிறான், மகள் முன்னுக்கு வருகிறாள். வேறு வழியே இல்லை என்றால், ரத்தநீர் மாற்றம், ரிட்டுக்சிமாப், இம்யுனோகுளோபுலின் போன்றவற்றால் எதிரணுப்பொருளின் அளவைக் குறைத்து மகனிடமிருந்தே பெற முடியும். வேறு வழி இருக்கும்போது அந்தப் போராட்டத்துக்குள் போவானேன்?

மகளின் பெயர் வந்தவுடன் வீட்டில் பேச்சு மாறுகிறது. “நாளைக்குக் கல்யாணம் ஆவ வேண்டிய பிள்ளை, முதுகுல ஊசி போட்டா பின்னால ஏதும் வந்துட்டா என்ன பண்றது?” என்று பாட்டி கேட்பார், அம்மாவும் அதையே நினைப்பார், சொல்ல மாட்டார். இந்த அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது, விடை சொல்ல வேண்டும். மஜ்ஜை எடுக்கப்படுவது முதுகெலும்பிலிருந்து அன்று. மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்விளிம்பிலிருந்து எடுக்கிறார்கள். எடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். மற்றொரு வழியில், சில நாள்கள் தோலடி ஊசி போட்டுக் குருத்தணுக்களை ரத்தத்துக்குக் கொண்டுவந்து, கை ரத்தக்குழாய் வழியாக இயந்திரத்தில் பிரித்தெடுக்கிறார்கள்; அந்த நாள்களில் எலும்புவலி, தலைவலி இருக்கும், பிறகு அடங்கிவிடும். இரண்டுமே பிள்ளை பெறும் ஆற்றலைப் பாதிப்பதில்லை. இருந்தும் 19 வயதுப் பெண்ணை ‘அம்மாவுக்காக’ என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டு நெருக்கினால் அவளால் மறுக்கவே முடியாது. அவளிடம் உறவினர் எவரும் இல்லாத அறையில், நோயாளியைக் கவனிக்காத வேறொரு மருத்துவர் தனியே பேசுவதுதான் முறை. அப்படி ஏற்பாடு செய்யும்படி குடும்பமே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

மகளின் பக்கம் இன்னொரு நடைமுறைக் கணக்கும் உண்டு. அவள் எடை 44 கிலோ, அம்மாவின் எடை 68 கிலோ என்றால், மஜ்ஜையாக எடுக்கும்போது அளவு போதாமல் போகலாம். கொடையாளரின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்கு மேல் எடுப்பதில்லை என்பது வழக்கமான எல்லை. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தால் அணுக்கள் நிறையக் கிடைக்கும். பாதிப் பொருத்தத்தில் அது நோய் திரும்புவதைச் சற்றுக் குறைப்பதாகவும், எதிர்த்தாக்கு நோயைச் சற்றுக் கூட்டுவதாகவும் ஒப்பீடுகள் காட்டியுள்ளன. எதிர்த்தாக்கும் அணுக்கள் மிஞ்சிய புற்றணுக்களையும் அழிப்பதால், ரத்தப் புற்றுநோய்க்கு அந்தப் பரிமாற்றத்தை ஏற்கலாம். மஜ்ஜை வறண்டுபோகும் அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற, புற்றுநோய் அல்லாத நோய்க்கு எதிர்த்தாக்கால் ஒரு நன்மையும் இல்லை என்பதால் அங்கே மஜ்ஜையையே விரும்புகிறார்கள்.

அண்ணனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. “என் தங்கச்சிக்கு நான் இல்லாம வேற யாரு?” என்று அவர் நிற்பார்; அன்பில் குறையில்லை. ஆனால் 51 வயது, நீரிழிவு, ரத்த அழுத்தம். வெளியார் கொடையில் கொடையாளரின் வயது ஒவ்வொரு 10 ஆண்டு கூடும்போதும் நோயாளியின் இறப்பு ஆபத்து ஏறத்தாழ 5.5 விழுக்காடு கூடியதாக 2016-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அவரைக் காத்திருப்பில் வைக்கலாம். ரத்தப் பிரிவு ஒன்றாக இருப்பதே தகுதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் விளக்கிவிட வேண்டும். ரத்தப் பிரிவு வேறாக இருந்தாலும் மாற்று செய்யலாம், நோயாளியின் பிரிவு பின்னர் கொடையாளருடையதாக மாறிவிடும்.

உண்மையான போட்டி மகளுக்கும் சென்னை இளைஞருக்கும்தான். எட்டுக்கு ஏழு என்பது 2007-இல் சொன்ன பொருளை இன்று சொல்வதில்லை. வெளியார், அதுவும் முழுதும் பொருந்தாதவர், கொடுத்த மஜ்ஜையோடு மேற்சொன்ன சைக்ளோஃபாஸ்ஃபமைடு முறையைச் சேர்த்து 80 நோயாளிகளிடம் நடத்திய அமெரிக்க ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது; ஓராண்டில் 76 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள், அவர்களில் பலருக்குப் பொருத்தம் எட்டுக்கு ஏழுக்கும் கீழே. 27 வயது ஆண் என்பதும் அவருக்குச் சாதகம். இந்த மருந்துமுறையோடு ஒப்பிடும்போது, அவருக்கும் பாதி பொருந்தும் இளம் உறவினருக்கும் இடையில் குடும்பம் கற்பனை செய்கிற அளவுக்குப் பெரிய இடைவெளி இல்லை. ஏழு பெரிது, நான்கு சிறிது என்ற கணக்கு இங்கே நம்மை ஏமாற்றுகிறது.

அவருக்கு எதிராக நிற்பது காலம். பட்டியலில் பெயர் இருப்பது ஒன்று, ஆள் கிடைப்பது வேறு. தொடர்புகொண்டு, மறுசோதனை செய்து, உடல்நலம் பார்த்து, நாள் குறித்து, குளிர்ப்பெட்டியில் அணுக்கள் விமானத்தில் வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். இடையில் அவர் மனம் மாறவும் கூடும். தேடுதலுக்கும் கொண்டுவருவதற்கும் ஆகும் செலவு தோட்டக் குடும்பத்துக்குச் சிறியதன்று. அதில் எந்தப் பகுதியை யார் ஏற்பார்கள் என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அடங்கியிருக்கும் ஏ.எம்.எல். நமக்காகக் காத்திருப்பதில்லை. மகளோ அழைத்த வாரத்திலேயே வந்து நிற்பாள். பின்னால் நோய் எட்டிப் பார்த்து, அதை எதிர்க்க அவளுடைய வெள்ளணுக்கள் தேவைப்பட்டாலும் மறுபடி கேட்கலாம்.

அந்தக் கடைசி வசதிக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பாதிப் பொருத்த மாற்றுக்குப் பின் திரும்பும் புற்றுநோய், சில நோயாளிகளில், கொடையாளரோடு பொருந்தாத அந்த வரிசையையே உதறிவிட்டு வருகிறது. மிலான் நகர ஆய்வாளர்கள் இதை 2009-இல் விளக்கினார்கள். உதறியபின் கொடையாளரின் அணுக்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது; அதே கொடையாளரின் வெள்ளணுக்களை மேலும் ஏற்றிப் பயனில்லை. அப்போது வேறு வரிசையைக் கொண்ட இரண்டாம் கொடையாளர் தேவைப்படுவார். அண்ணனையும் சென்னை இளைஞரையும் முற்றாகத் தள்ளிவிடாமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

தொப்புள்கொடி ரத்தத்துக்கு ஒரு பத்தி போதும். 1988-இல் பாரிசில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டதிலிருந்து அது பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. பொருத்தம் குறைந்தாலும் தாங்கும், பையும் உறைநிலையில் தயாராக இருக்கும். ஆனால் 68 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு பையின் அணுக்கள் பெரும்பாலும் போதாது. இரண்டு பை தேவைப்படலாம், வேரூன்றவும் தாமதமாகும், அந்தத் தாமதத்தில் தொற்று நுழையும். இரண்டு பை தொப்புள்கொடி ரத்தத்தையும் பாதிப் பொருத்த மஜ்ஜையையும் நேரடியாக ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், நோய் முற்றாமல் இரண்டாண்டைக் கடந்தவர்கள் முறையே 35, 41 விழுக்காடு. அந்த வேறுபாடு உறுதியானதன்று. ஆனால் நோய் திரும்பாமலே, சிகிச்சையின் விளைவாக இறந்தவர்கள் 18 விழுக்காடும் 11 விழுக்காடும். பெரியவர்களுக்கு அதைக் கடைசியில் வைப்பதே முறை.

பட்டணத்திலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. அம்பாங் மருத்துவமனை போன்ற மையத்தில் மாற்று நடந்தபின், முதல் 100 நாள்கள் அருகிலேயே தங்க வேண்டியிருக்கும். சமைக்கவும், மருந்து நேரம் பார்க்கவும், காய்ச்சல் வந்தால் நள்ளிரவில் அழைத்துச் செல்லவும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கொடையாளரே பராமரிப்பாளராகவும் இருந்தால் முதல் வாரத்திலேயே இருவரும் சோர்ந்துபோவார்கள். மகள் கொடுக்கிறாள் என்றால் மகன் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து அம்மாவோடு தங்கலாம். “நான் குடுக்குறேன்” என்றவனுக்கு அப்படியொரு பங்கு இருப்பது, தான் ஒதுக்கப்பட்டதாக அவன் நினைக்காமல் இருக்கவும் உதவும்.

ஆகவே நான் இந்தக் குடும்பத்தின் இடத்தில் இருந்தால், மகளை முதலிலும், சென்னை இளைஞரைத் தேடுதல் நிற்காமல் இரண்டாவதாகவும், அண்ணனை மூன்றாவதாகவும் வைப்பேன். எதிரணுப்பொருளைக் குறைக்கும் சிகிச்சையோடு மட்டுமே மகனை எண்ணிப் பார்ப்பேன். மகளுக்கு எதிராகவும் எதிரணுப்பொருள் தென்பட்டால் இந்த வரிசை அன்றே மாறும். சென்னை இளைஞரின் பொருந்தாத ஓர் இடத்துக்கும் அதே சோதனை வேண்டும். நடுவில் மேலும் ரத்தம் ஏற்றியிருந்தால், பழைய அறிக்கையை நம்பாமல், மாற்றுக்கு நாள் நெருங்கும்போது அம்மாவின் ரத்தநீரை மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.